கந்தகமே, எங்கே இருக்கிறாய், எப்படி இருக்கிறாய்?

தம்பி தங்கையரே, கோலகங்சார் பட்டணத்துக்குப் போனால் மாவட்ட அலுவலகத்தின் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். அங்கே ஒரு கிழட்டு ரப்பர் மரம் நிற்கிறது. நம் மலேசியாவிலேயே வயதில் மூத்த ரப்பர் மரம் என்று அதைப் பாதுகாத்து வருகிறார்கள். ஹென்றி விக்காம் என்பவர் 1876-இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு போனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22 மறு ஆண்டே சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் 9 கன்றுகள் பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் கோலகங்சார் தோட்டத்தில் ஊன்றப்பட்டன.

அதற்குப் பிறகு நடந்ததை உங்கள் பாட்டன் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். சுங்கை சிப்புட்டிலும் தாப்பாவிலும் மலைச்சரிவெல்லாம் ரப்பர்த் தோட்டமானது. தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் விடியுமுன்னே பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, நிரைநிரையாகப் பால் வெட்டினார்கள். மங்கில் சொட்டிய பாலைச் சேர்த்து, காண்டாவில் சுமந்து வந்து கொட்டினார்கள். வெட்டுக் கோட்டில் காய்ந்து ஒட்டியிருந்த கோட்டுப்பாலைக்கூட விடாமல் உரித்தெடுத்தார்கள். இன்று அந்த நிலங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது, அல்லது வீடமைப்புப் பகுதி எழும்பியிருக்கிறது.

அவர்கள் வெட்டிய பால் உலகமெங்கும் டயராக ஓடியது. பாலின் நிறத்தையும் மணத்தையும், எத்தனை மணிக்கு வெட்டினால் நன்றாகச் சொட்டும் என்பதையும் அவர்களைவிட அறிந்தவர் இல்லை. ஆனால் ரப்பருக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை அந்தக் காலத்தில் துரையும் அறியார், கிராணியும் அறியார். அதைப் பார்க்கும் கண் மனிதருக்குக் கிடைத்த கதையைத்தான் இந்த மாதம் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு சோதனை. வீட்டில் பட்டையான ரப்பர் பேண்ட் இருந்தால் எடுங்கள். இரண்டு கையாலும் பிடித்து, தளர்வாக இருக்கும்போது மேலுதட்டில் தொட்டுப் பாருங்கள். கண்ணுக்கு எட்டாமல் தள்ளிப் பிடித்துச் சட்டென்று நன்றாக இழுங்கள். இழுத்தபடியே மறுபடி உதட்டில் வையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும். அப்படியே ஒரு நிமிடம் இழுத்துப் பிடித்திருந்து, பிறகு தளரவிட்டு உடனே தொட்டால் சில்லென்று இருக்கும். 1805-இல் இதை முதலில் எழுதி வைத்தவர் ஜான் கஃப் என்ற ஆங்கிலேயர். சிறுவயதில் அம்மை கண்டு பார்வையை இழந்தவர் அவர். பார்வையில்லாத ஒருவர் உதட்டால் கண்டுபிடித்த உண்மை, ரப்பர் அறிவியலின் முதல் பக்கங்களில் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

ஏன் சூடாகிறது? ரப்பர் என்பது மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. ஒவ்வொரு கண்ணியிலும் 5 கார்பன் அணுவும் 8 ஹைட்ரஜன் அணுவும் இருக்கும். இந்தக் கணக்கை 1826-இல் கண்டவர் மைக்கேல் ஃபாரடே. ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த சங்கிலிகள் சாதாரணமாகச் சுருண்டு, பின்னிக் கிடக்கின்றன. இழுத்தால் அவை ஒரே திசையில் நீண்டு ஒழுங்காகின்றன. அந்த ஒழுங்குக்கு வரும்போது வெளியேறும் வெப்பத்தைத்தான் உங்கள் உதடு உணர்ந்தது.

இதைப் படமாகவே காட்டியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த யோஹான் காட்ஸ். 1925-இல் அவர் ரப்பர் துண்டின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தினார். இழுக்காத ரப்பர், படத்தகட்டில் மங்கலான வளையத்தைத் தந்தது. இழுத்துப் பிடித்த ரப்பரோ, பளிச்சென்ற புள்ளிகளைத் தந்தது. அப்படிப் புள்ளி விழுவது உப்பு, சீனிபோலப் படிகமாக அடுக்கப்பட்ட பொருள்களுக்குத்தான். இழுக்கும்போது ரப்பரின் சில பகுதிகள் படிகமாகின்றன, விட்டால் கலைந்துபோகின்றன! மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைப்பதற்கான சட்டம் வந்ததும் அதே 1925-இல்தான்.

சரி, சங்கிலிகள் இருக்கின்றன. இழுத்துவிட்டால் அவை பழைய இடத்துக்கே திரும்பிவர எது கட்டுப்படுத்துகிறது? தோட்டத்தில் வந்த கச்சா ரப்பருக்கு அந்தக் கட்டுப்பாடு போதாது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்துப்போகும். 1839-இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், ரப்பரில் கந்தகத்தைக் கலந்து சூடாக்கினால் இந்தத் தொல்லை தீர்வதைக் கண்டார். கந்தக அணுக்கள் ஒரு சங்கிலிக்கும் பக்கத்துச் சங்கிலிக்கும் இடையே பாலம் போடுகின்றன. சில பாலங்களில் ஒரே கந்தக அணு இருக்கும், சிலவற்றில் இரண்டு, சிலவற்றில் இன்னும் கூடுதல். ஓரணுப் பாலம் சூட்டைத் தாங்கும். பல அணு கோத்த பாலம் மீண்டும் மீண்டும் வளைவதைத் தாங்கும், ஆனால் சூட்டில் எளிதில் அறும். ஆக ஒரு டயர் நல்லதா கெட்டதா என்பதைத் தீர்மானிப்பது கந்தகத்தின் அளவு மட்டும் இல்லை. அது எந்த இடத்தில், எந்த நிலையில் இருக்கிறது என்பதும் முக்கியம்.

பழைய டயரின் வெட்டுமுகத்தை ஒரு தடவை கிட்டத்தில் பார்த்துவிடுங்கள். சாலையில் தேயும் கறுப்புப் பட்டை தடிமனாக மேலே இருக்கும். அந்தக் கறுப்பு, கார்பன் கரியால் வந்தது. அதற்குக் கீழே துணி இழைகள் மெல்லிய கோடுகளாகத் தெரியும். அதனுடன் தலைமுடியைவிடப் பருத்த எஃகுக் கம்பிகள், மேற்பரப்பு மஞ்சளாய் மின்ன, வரிசையாக நிற்கும். மஞ்சள் ஏன் என்றால், கம்பியின் மேல் பித்தளை முலாம் பூசியிருக்கிறார்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. ரப்பரில் உள்ள கந்தகம் அந்தச் செம்போடு சேர்ந்து மெல்லிய படலமாகிறது. அந்தப் படலம்தான் ரப்பரைக் கம்பியோடு பிடித்து வைக்கிறது. அது குறைந்தாலும் ஒட்டாது, அளவு மீறினாலும் பிட்டுப்போகும். ரப்பருக்குள் துத்தநாக ஆக்சைடுத் துகளும் உண்டு. கந்தகத்தை மட்டும் போட்டுச் சூடாக்கினால் மணிக்கணக்கில் ஆகும் வேலையை, துத்தநாகமும் வேறு சில வேதிப்பொருள்களும் சேர்ந்து சில நிமிடங்களில் முடித்துவிடும். உள்ளங்கை அளவு டயர்த் துண்டுக்குள் கந்தகம் எத்தனை வேடத்தில் இருக்கிறது, பாருங்கள். சங்கிலிப் பாலமாக, செம்பின் கூட்டாளியாக, யாரோடும் சேராத தனிக் கந்தகமாக. பல வருட வெயிலில் கிடந்து ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்ட கந்தகமும் மேற்பரப்பில் இருக்கும்.

இதை எப்படிப் பார்ப்பது? மருத்துவமனை எக்ஸ்ரேயில் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். 1895 நவம்பர் 8-ஆம் தேதி வில்ஹெல்ம் ரான்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். சில வாரங்களில் தம் மனைவியின் கையைப் படமெடுத்தார். எலும்பும் மோதிரமும் அதில் தெரிந்தன. அது ஒரு நிழல்படம். எலும்பில் கால்சியம் நிறைய இருப்பதால் கதிரைக் கூடுதலாக மறைக்கிறது, தசை குறைவாக மறைக்கிறது. எங்கே கெட்டி, எங்கே லேசு என்று அந்தப் படம் சொல்லும். அந்தக் கெட்டிப் பொருள் கால்சியமா இரும்பா என்று அதனிடம் கேட்டால் பதில் வராது.

இன்னொரு வகைக் கருவியும் உண்டு. நகைக்கடையில் தங்கத்தின் தரம் பார்க்க ஒரு சிறு பெட்டி வைத்திருப்பார்கள். மோதிரத்தை உள்ளே வைத்தால், தங்கம் இத்தனை விழுக்காடு, செம்பு இத்தனை, வெள்ளி இத்தனை என்று திரையில் வரும். உரசாமல், உருக்காமல், எக்ஸ் கதிரை வைத்தே அது சொல்கிறது. யார் யார் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியும். எந்த மூலையில் யார் என்பது தெரியாது.

தோட்டத்துப் பெரட்டை நினைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை இருட்டில் இருநூறு பேர் நிற்கிறார்கள். ஒரு புகைப்படம் எடுத்தால் தலைகள் தெரியும், பெயர் தெரியாது. தண்டல் பெயர் கூப்பிட்டால் ஆள் வந்திருப்பது தெரியும், கூட்டத்தில் எங்கே நிற்கிறார் என்பது தெரியாது. ஒவ்வொரு பெயரைக் கூப்பிடும்போதும் ஒரு படம் எடுத்து, பதில் சொன்னவரின் முகம் மட்டும் அதில் ஒளிர்ந்தால்? கடைசியில் கையில் இருப்பது பெயர் எழுதிய ஒரு வரைபடம். விஞ்ஞானிகள் செய்வது இதுதான். எக்ஸ் கதிர்ப் படத்தையும் எக்ஸ் கதிர் நிறமாலையையும் ஒன்றாகச் சேர்த்தார்கள்.

ஒரு தனிமத்தின் பெயரை எக்ஸ் கதிர் எப்படிக் கூப்பிடுகிறது? அணுவின் நடுவே கரு இருக்கிறது. கருவுக்கு மிக அருகில் இருக்கும் எலெக்ட்ரான்களைக் கரு இறுகப் பிடித்திருக்கிறது. பிடி எவ்வளவு இறுக்கம் என்பது தனிமத்துக்குத் தனிமம் மாறும். கந்தகத்தின் உள் எலெக்ட்ரானைப் பிடுங்க ஏறத்தாழ 2,472 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். இரும்புக்கு 7,112, செம்புக்கு 8,979, துத்தநாகத்துக்கு 9,659. உள்ளே வரும் எக்ஸ் கதிரின் ஆற்றல் இந்த அளவுக்குக் கொஞ்சம் கீழே இருந்தால் அந்தத் தனிமம் பெரிதாகச் சட்டை செய்யாது. அளவைத் தொட்டதும் திடீரென்று கதிரை விழுங்க ஆரம்பிக்கும். விழுங்கிய அணுவில் உள்ளே ஒரு காலியிடம் விழும். வெளிவட்டத்து எலெக்ட்ரான் ஒன்று அங்கே இறங்கும். இறங்கும்போது அது தனக்கே உரிய ஓர் எக்ஸ் கதிரை வெளியிடும். கந்தகம் 2,308 எலெக்ட்ரான் வோல்ட்டில் பதில் தரும், துத்தநாகம் 8,639-இல். இந்தப் பதில்கள் எல்லாத் தனிமங்களிலும் ஓர் ஒழுங்கான வரிசையில் வருவதை 1913-இல் கண்டவர் ஹென்றி மோஸ்லி. தனிமங்களின் அணு எண் என்பது வெறும் வரிசை எண் இல்லை, கருவின் மின்னூட்டம் என்று தெளிவாக்கியது அந்த வேலை. 1915-இல், முதல் உலகப்போரில், கலிப்போலி போர்க்களத்தில் அவர் இறந்தபோது வயது 27.

இனி வருவதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி. கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் குணமுள்ளது. ஒரு கந்தக அணு நான்கு ஆக்சிஜன் அணுக்களோடு சேர்ந்து சல்ஃபேட் ஆனால், அதன் வெளி எலெக்ட்ரான்கள் ஆக்சிஜன் பக்கம் சாய்ந்துவிடும். எஞ்சியவற்றைக் கரு இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அதனால் உள் எலெக்ட்ரானைப் பிடுங்க இப்போது 2,472 போதாது, ஏறத்தாழ 2,482 வேண்டும். வித்தியாசம் வெறும் பத்து. ஆனால் நல்ல கருவிக்குப் பத்து என்பது பெரிய இடைவெளி. அதில் ஒன்றுக்கும் குறைவான மாற்றத்தையே அது பார்த்துவிடும். எனவே கதிரின் ஆற்றலை 2,460-இலிருந்து சிறிது சிறிதாக ஏற்றிக்கொண்டே போய், எந்தெந்த ஆற்றலில் எவ்வளவு விழுங்குகிறது என்று ஒரு கோடு வரைந்தால், அதில் மேடுகள் எழும். பாலமாக இருக்கும் கந்தகத்துக்கு ஓர் இடத்தில், பாதி ஆக்சிஜன் ஏறியதற்கு இன்னோர் இடத்தில், முழுதும் ஏறிய சல்ஃபேட்டுக்கு மற்றோர் இடத்தில். பாலங்களுக்குள்ளேயும் ஓரணுப் பாலம், பலவணுப் பாலம் என்று மேட்டின் வடிவம் நுட்பமாக மாறும். அந்தக் கோடுதான் நிறமாலை. தனிமம் வாய்திறந்து “நான் கந்தகம், இப்போது இந்த நிலையில் இருக்கிறேன்” என்று சொல்வதற்கு ஈடான செய்தி அது.

படத்துக்கு வருவோம். டயரிலிருந்து தலைமுடி தடிமனில் ஒரு சீவல் எடுக்கிறார்கள். இவ்வளவு மெல்லிசு ஏன்? கந்தகத்துக்கான எக்ஸ் கதிர் ஆற்றல் குறைந்தது. ரப்பருக்குள் அது ஆழமாகப் போகாது. சில சென்டிமீட்டர் காற்றே அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும், ஆகவே கருவிக்குள் காற்றை வெளியேற்றி ஹீலியம் வாயுவை நிரப்புவார்கள். கதிரைக் கண்ணாடிகளால் குவித்து ஒரு மைக்ரான் அளவுக்குக் குறுக்குவார்கள், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த நுண்ணிய கதிர் ஒரே இடத்தில் நிற்கும். சீவலைத்தான் வரிசை வரிசையாக நகர்த்துவார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நிறமாலை.

கணக்குப் போடுங்கள். நூற்றுக்கு நூறு புள்ளி என்றால் 10,000 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் 100 ஆற்றல் அளவுகள் என்றால் பத்து லட்சம் அளவீடுகள். ஒன்றுக்குப் பத்தில் ஒரு வினாடி எடுத்தாலும் கிட்டத்தட்ட 28 மணி நேரம். மருத்துவமனை எக்ஸ்ரே குழாயின் கதிர் பலவீனமானது, அதோடு எல்லா ஆற்றலும் கலந்தே வரும். அதை வைத்து இந்த வேலையைச் செய்தால் விஞ்ஞானிக்கு நரை விழுந்துவிடும்.

அதற்காகக் கட்டியவைதான் சிங்க்ரோட்ரான் கூடங்கள். பெரிய வளையக் குழாய்க்குள் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடுகின்றன. வலிமையான காந்தங்கள் அவற்றின் பாதையை வளைக்கும்போது, ஒவ்வொரு வளைவிலும் மிகப் பிரகாசமான எக்ஸ் கதிர் வெளிவருகிறது. சிலிக்கான் படிகத்தைச் சற்றே திருப்பினால் வேண்டிய ஆற்றலை மட்டும் அதிலிருந்து பிரித்தெடுக்கலாம். ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்-8 வளையத்தின் சுற்றளவு 1,436 மீட்டர். மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் இருக்கும் இந்தஸ்-2 வளையம் 172.5 மீட்டர். அண்டை நாடான தாய்லாந்தின் நக்கோன் ராட்சசிமாவிலும் ஒன்று இருக்கிறது. அது இவை இரண்டையும்விடச் சிறியது. இருந்தாலும் கந்தகத்தையும் துத்தநாகத்தையும் படிக்க அதுவே போதும். மலேசியாவில் இன்னும் சிங்க்ரோட்ரான் இல்லை. உலகத்துக்கு ரப்பரை விளைவித்துத் தந்த நாட்டில் ஒன்று வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

துத்தநாகத்துக்கான கதிருக்கு ஆற்றல் கூடுதல். ரப்பருக்குள் நன்றாகவே ஊடுருவும். ஆகவே சீவாமலே பார்க்கலாம். சூடாகிக்கொண்டிருக்கும்போதே பார்க்கலாம் என்பது அதைவிட அருமை. ஜப்பானில் கியோத்தோ தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த யூக்கோ இக்கேடாவின் குழு அதைத்தான் செய்தது. கந்தகமும் துத்தநாக ஆக்சைடும் ஸ்டியரிக் அமிலமும் கலந்த ரப்பரைச் சூடாக்கிக்கொண்டே, துத்தநாகத்தின் நிறமாலையை நேரம் செல்லச் செல்லப் பதிவு செய்தார்கள். துத்தநாக ஆக்சைடும் ஸ்டியரிக் அமிலமும் சேர்ந்து, இரண்டு துத்தநாக அணுக்களைக் கொண்ட ஒரு கூட்டுப்பொருள் நடுவில் உருவாவதை 2015-இல் வெளியிட்டார்கள். கந்தகம் பாலமாக மாறும் வேலையில் அந்த இடைப்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. நூறாண்டுக்கும் மேலாகத் துத்தநாக ஆக்சைடைப் போட்டுவந்தார்கள், பலனும் கிடைத்துவந்தது. அடுப்புக்குள் அது என்ன செய்கிறது என்பது இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. துத்தநாகத்தைக் குறைத்துப் போட்டும் நல்ல டயர் செய்ய முடியுமா என்று கேட்கவும் இப்போது வழி பிறந்திருக்கிறது. அது முக்கியமான கேள்வி. டயர் தேய்ந்து சாலையில் உதிரும் தூளில் துத்தநாகம் இருக்கிறது, மழை அதை வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் அடித்துக்கொண்டு போகிறது.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு வலிமையான கதிர், தான் பார்க்கும் பொருளையே மாற்றிவிடக்கூடும். ஒரே புள்ளியில் நெடுநேரம் பாய்ந்தால் கந்தகப் பாலம் அறுந்துபோகலாம். அப்போது நாம் காண்பது டயரின் நிலையா, நாமே உண்டாக்கிய மாற்றமா? அதனால் அதே புள்ளியை இரண்டு மூன்று முறை அளந்து, கோடு மாறாமல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மாறினால் கதிரைக் குறைப்பார்கள், அல்லது பொருளைக் குளிரவைத்து அளப்பார்கள்.

இதே கந்தகம் ஒரு கப்பலையே அரிக்கத் தொடங்கிய கதை சுவீடனில் உண்டு. வாசா என்ற போர்க்கப்பல் 1628-இல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கியது. 1961-இல் அதைத் தூக்கி எடுத்து அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். பல ஆண்டு கழித்து மரத்தில் அமிலப் பொடி பூத்தது. மாக்னஸ் சாண்ட்ஸ்ட்ரம் குழுவினர் மரத்துணுக்குகளைக் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் சிங்க்ரோட்ரானில் வைத்துக் கந்தகத்தைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். மேற்பரப்புக்கு அருகே சல்ஃபேட், உள்ளே போகப்போக ஆக்சிஜன் ஏறாத கந்தகம். முந்நூறு ஆண்டுக்கும் மேல் அழுக்கு நீரில் கிடந்தபோது மரம் குடித்த கந்தகம், காற்றுப் பட்டதும், துருப்பிடித்த இரும்பு ஆணிகளின் தூண்டுதலால் கந்தக அமிலமாக மாறிக்கொண்டிருந்தது. மீதமுள்ள கந்தகம் அனைத்தும் மாறினால் 5,000 கிலோ வரை அமிலம் உண்டாகும் என்று 2002-இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். கந்தகம் மொத்தம் இவ்வளவு என்று மட்டும் அளந்திருந்தால் இந்த ஆபத்து புரிந்திருக்காது. எந்த ஆழத்தில் எந்த நிலை என்று தெரிந்ததால்தான் புரிந்தது.

ஈப்போவைச் சுற்றி வாழும் நமக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது, ஈய மணல். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயக்குட்டைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பத்து காஜாவுக்கு அருகே தஞ்சோங் துவாலாங் சாலையில் 1938-இல் கட்டிய 4,500 டன் எடையுள்ள ஈயக்கப்பல் இன்னும் நிற்கிறது. அது 1982 வரை மண்ணை வாரியது. ஈயத்தாதுவைக் கழுவி எடுத்த பிறகு மிஞ்சும் கனமான மணலை ‘அமாங்’ என்பார்கள். அதில் இல்மனைட், சிர்க்கான், மோனசைட், சீனோடைம் என்ற கனிமத் துகள்கள் கலந்திருக்கும். பார்க்க எல்லாம் மணல்தான். ஆனால் மோனசைட்டில் செரியம், லாந்தனம் போன்ற அருமண் தனிமங்கள் உண்டு, கூடவே கதிர்வீச்சுள்ள தோரியமும் உண்டு. ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேராவில் அருமண் தனிமங்களைப் பிரிக்கும் தொழிற்சாலை 1982-இல் வந்தது. அதன் தோரியக் கழிவை எதிர்த்து ஊர்மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள், அது 1994-இல் மூடப்பட்டது. ஒரு மணல் துகளுக்குள் தோரியம் துகள் முழுக்கப் பரவியிருக்கிறதா, ஓர் ஓரத்தில் திரண்டிருக்கிறதா, நீரில் கரையும் நிலையிலா கரையாத நிலையிலா என்பது அங்கே வாழும் குடும்பங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. துகளை இதே எக்ஸ் கதிரின் முன் சுழற்றிச் சுழற்றிப் பல கோணங்களில் படமெடுத்தால், மருத்துவமனை சி.டி. ஸ்கேன் செய்வதுபோல, உடைக்காமலே உள்ளறைகளையும் முப்பரிமாணத்தில் பார்த்துவிடலாம்.

டயருக்கே மறுபடி வருகிறேன், ஏனென்றால் பெரிய சிக்கல் அங்கேதான் தீராமல் கிடக்கிறது. தேய்ந்த டயரை உருக்கிப் புது டயர் செய்ய முடியாது. கந்தகப் பாலங்கள் விடுவதில்லை. சூட்டை மேலும் ஏற்றினால் பாலத்தோடு சேர்ந்து கார்பன் சங்கிலியும் அறுந்து, ரப்பர் ரப்பராகவே இருக்காது. பாலத்தை மட்டும் வெட்டி, சங்கிலியைக் காப்பாற்றும் வழியைப் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் தேடுகின்றன. சிலர் வேதிப்பொருளால் முயல்கிறார்கள், சிலர் நுண்ணலையால், சிலர் கந்தகத்தைத் தின்னும் பாக்டீரியாவால். பாக்டீரியா முறையில் அரைத்த டயர்த் துகளின் மேற்பரப்பில் மட்டும் பாலம் அறுந்து, உள்ளே அப்படியே இருக்கலாம். துகளை மொத்தமாக வைத்துச் சோதித்தால் பாதிப் பாலம் அறுந்ததாகத்தான் ஒரு சராசரி விடை வரும். அந்தப் பாதி முழுவதும் மேலோட்டில்தானா, நடுப்பகுதி வரை எட்டியதா என்று கேட்டால், துகளை மெல்லச் சீவி, ஒரு மைக்ரான் கதிரின் அடியில் வைத்து, 2,460-இலிருந்து ஆற்றலை ஏற்றிக்கொண்டே புள்ளி புள்ளியாகக் கந்தகத்தைக் கூப்பிட வேண்டும்.